அறுபத்து நான்கு சொல்லாத சேதி

அன்பு மகளுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பாவும் நலம். இந்த இரண்டாவது நலத்தை நீ இப்போது நம்பமாட்டாய் என்று தெரியும், அதனால்தான் தொலைபேசியைத் தொடாமல் உட்கார்ந்து எழுதுகிறேன், கடிதத்தில் ஒரு வசதி, பாதியில் துண்டிக்க முடியாது. போன ஞாயிற்றுக்கிழமை உன் கப்பல் கரை தொட்டதும் நீ முகம் பார்த்துப் பேசக் கூப்பிட்டாய், அப்பா சட்டையின் மேல் பட்டனைப் போட மறந்து வந்து நின்றார், கழுத்துக்குக் கீழே இறங்கும் அந்தத் தழும்பை நீ பார்த்துவிட்டாய். என்னப்பா அது என்று கேட்டதற்கு, "பூனை கீறிடுச்சும்மா" என்றார். நம் வீட்டில் பூனையே இல்லை. "எந்தப் பூனைப்பா ஸ்கேல் வச்சுக் கீறும்?" என்று கேட்டு நீ வைத்துவிட்டாய். அதற்கப்புறம் ஐந்து நாளாகப் பேச்சில்லை. நீ வைத்த பிறகு அவர் என்னைப் பார்த்து, "நாய்னு சொல்லியிருக்கணுமோ" என்றார் பார், அந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. சரி, நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் கோபம் வந்தால் வரட்டும், ஆனால் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கோபப்படு.

நீ கப்பல் ஏறிய இரண்டாம் வாரம், ஆஸ்பத்திரியில் இதயத்தைப் படம் பிடிக்கும் எங்கள் எக்கோ அறைக்குப் புது மெஷின் வந்தது. பழையது எப்படி இருமிக்கொண்டு கிடந்தது என்று உனக்குத் தெரியும், சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த அறை மூலையில் வீட்டுப்பாடம் எழுதியவள்தானே நீ. புதியதில் ஸ்ட்ரெயின் என்று ஒன்று இருந்தது, பெரிய ஆஸ்பத்திரிகளில் பல வருஷமாக இருக்கிறது, எங்களுக்கு இப்போதுதான் வாய்த்தது. கற்றுக்கொடுக்க கம்பெனியிலிருந்து ஒரு பயிற்சியாளர் மூன்று நாள் வந்தார். நீ எந்திரத்தோடு குடித்தனம் நடத்துகிறவள், உனக்குச் சொன்னால் புரியும். எக்கோ படத்தில் இதயத்தின் சுவர் சாம்பல் நிறத்தில் உப்பும் மிளகும் தூவினாற்போல் புள்ளி புள்ளியாகத் தெரியும். மெஷின் அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு, ஒரு துடிப்பில் அவை எங்கிருந்து எங்கே போகின்றன என்று பின்தொடர்கிறது. சுவர் தன் நீளத்தில் நூற்றுக்கு எவ்வளவு சுருங்குகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது. நல்ல தசை நூற்றுக்கு இருபது போலச் சுருங்கும். சுருக்கம் என்பதால் முன்னால் ஒரு கழித்தல் குறி வரும், அதைப் பார்த்து முதல் நாள் நானே பயந்துபோனேன், நெஞ்சில் வைத்துப் படமெடுக்கும் ப்ரோபை இருபத்தாறு வருஷம் பிடித்த கை, புதுப் பெண் மாதிரி முழித்தது. கடைசியில் எல்லாச் சுவரையும் சேர்த்து ஒரு வட்டமாக வரைந்து நிறம் பூசிக் காட்டும், நன்றாக வேலை செய்யும் இடம் அடர்சிவப்பு, சோர்ந்த இடம் வெளிர்.

பழகிக்கொள்ள ஆள் வேண்டும் என்று பயிற்சியாளர் சொன்னார், வேலை செய்கிறவர்களின் வீட்டு ஆட்களையே கூட்டி வந்தார்கள். அப்பாவைக் கேட்டதும் கையில் விசிலோடு பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்துவிட்டார். அவருடைய வால்வு கொஞ்சம் ஒழுகுகிறது என்பது உனக்கும் தெரிந்த விஷயம்தான், ஒன்பது வருஷமாக வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டு வருகிறோம், ஒவ்வொரு தடவையும் இதயம் பம்ப் செய்யும் சதவீதம் அறுபத்து நான்கு, அறுபத்தைந்து என்று வரும், அவரும் மார்க் ஷீட் மாதிரி அதைப் பள்ளியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவார். அன்றைக்கும் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு பயிற்சியாளரிடம், "உடற்பயிற்சி வாத்தியார் இதயம் எப்படி இருக்கும்னு இந்தப் பிள்ளைங்களுக்குக் காட்டுங்க சார்" என்று பீற்றிக்கொண்டிருந்தார். நான் ஜெல் போட்டு, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, மூன்று கோணத்தில் படம் எடுத்தேன். சதவீதம் அதே அறுபத்து நான்கு. ஸ்ட்ரெயின் பதினைந்து புள்ளி எட்டு. வட்டத்தில் பாதி இடம், துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டை மாதிரி இருந்தது.

என் கை செய்த பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். உற்றுப் பார்த்தால் ஒரு பக்கம் கோடு தசையை விட்டு நழுவி வெளியுறை மேல் ஏறியிருந்தது, அப்பாடா என்று அதைத் திருத்தினேன். பதினாறு புள்ளி ஒன்று. இரத்த அழுத்தம் கூடியிருந்தாலும் எண் குறையும் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார், அழுத்தம் பார்த்தேன், ஒழுங்காக இருந்தது. மறுநாள் வேறு சாக்குச் சொல்லி மறுபடி வரச்சொல்லி எடுத்தேன், பதினைந்து புள்ளி ஒன்பது. அப்போது பயிற்சியாளர் என் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அம்மா, உங்க கை சரியாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னார். என் தொழிலில் என்னை யாரும் இவ்வளவு பாராட்டியதில்லை, அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. அப்பா கட்டிலில் ஜெல்லைத் துடைத்தபடி, "என்ன, மெஷின் என்னைப் பார்த்து அசந்துபோச்சா?" என்கிறார்.

படத்தை அரைவார்த்தை டாக்டரிடம் கொண்டுபோனேன். அவரை நீ மறந்திருக்கமாட்டாய், முழு வாக்கியம் பேசினால் வாய் வலிக்கும் அவருக்கு. முழுசாகப் பார்த்துவிட்டு, "ஒழுகல். கூடியிருக்கு. அறை பெருசு. போன வருஷம்?" என்றார். இதயம் முழுக்கச் சுருங்கி முடிந்த நேரத்தில் இடது கீழறையின் அகலம் போன வருஷம் முப்பத்தாறு மில்லிமீட்டர், இப்போது முப்பத்தொன்பது. நாற்பது என்பது ஆபரேஷனுக்கு அவர்கள் போட்டு வைத்திருக்கும் கோடு. அப்புறம் அந்த மனுஷன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, என் வாழ்நாளில் முதல்முறையாக, ஐந்து நிமிஷம் தொடர்ந்து பேசினார். இந்தச் சதவீதம், கீழறையிலிருந்து எவ்வளவு இரத்தம் வெளியே போகிறது என்றுதான் சொல்லும், எந்த வாசல் வழியாகப் போகிறது என்று சொல்லாது. ஒழுகும் வால்வு வழியாகப் பின்பக்கம் மேலறைக்குள் போவதும் அந்தக் கணக்கில்தான் வரும். பின்பக்கம் தள்ளுவது சுலபம், அங்கே எதிர்ப்பே இல்லை. அதனால் தசை சோர்ந்துபோன பிறகும் எண் அழகாகவே இருக்கும். "அறுபத்து நாலு நல்ல நம்பர்தான். அதுதான் நம்மள ஏமாத்துது" என்றார். ஸ்ட்ரெயின் ஒன்றை மட்டும் வைத்துக் கத்தியை எடுக்கமாட்டோம், ஆனால் ஒழுகல், அகலம், இது மூன்றும் ஒரே பக்கம் கை காட்டினால் காத்திருக்கக் கூடாது, தசை முழுசாகக் களைத்த பிறகு வால்வைச் சரிசெய்தால் வால்வு சரியாகும், தசை திரும்பி வராது என்றார்.

அப்பாவிடம் சொன்னதும் குதித்தார் பார், அந்தக் குதியை எக்கோ எடுத்திருந்தால் இருபத்தைந்து வந்திருக்கும். "எனக்கு மூச்சு வாங்குதா? நெஞ்சு வலிக்குதா? கால் வீங்குதா? ஒண்ணும் இல்லாதவனை எதுக்குடி பொளக்கணும்? புதுசா மெஷின் வாங்கியிருக்காங்க, போணிக்கு நான்தான் கிடைச்சேனா" என்றார். சொன்னதோடு நில்லாமல், பந்தயம் என்று ஆஸ்பத்திரியின் நான்கு மாடியும் லிஃப்ட் இல்லாமல் ஏறிக் காட்டினார். ஏறினார்தான், நான் பின்னால் தத்தளித்து வந்தேன். மேலே போனதும் ஜன்னலோரம் நின்று, வெளியே பார்த்தபடி, அது என்ன மரம், அந்தக் கட்டடத்தில் எத்தனை மாடி, பெயிண்ட் எப்போது அடித்தார்கள் என்று கேள்வியாகக் கேட்டார், என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் முட்டாள் மாதிரி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில், "பார்த்தியா, ஜெயிச்சேன்" என்றார். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு அவர் ஜெயித்ததில் எனக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான்.

அதற்கு அடுத்த வாரம் அவர் மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுப் போய்விட்டார், கொடுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எத்தனையோ வருஷம் கழித்து அந்த மைதானத்துக்குள் கால் வைக்கிறேன். பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள், நம் ஆள் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து விசில் ஊதிக்கொண்டிருந்தார். உனக்குத் தெரியுமே, அவர் உட்கார்ந்து பாடம் எடுத்ததை யாரும் பார்த்ததில்லை, பிள்ளைகளோடு ஓடிக்கொண்டே திட்டுவதுதான் அவர் பாணி. பக்கத்தில் வந்த பாட்டு டீச்சர் சிரித்துக்கொண்டே, "சாருக்கு ஒரு வருஷமா அந்தச் சேர் இல்லாம ஆகாது, அக்கா. மழை பெஞ்சாக்கூட குடையோட அதுலதான் இருப்பாரு" என்று சொன்னார். மாடி ஜன்னலில் அவர் ஏன் திரும்பவே இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. காலையில் நடக்கப் போகிறவர் ஏற்றமான தெருவை விட்டுவிட்டு நிழல் என்று சொல்லிச் சுற்றுத் தெருவில் போவது, குனிந்து கட்டுகிற ஷூவை விட்டுவிட்டுச் சும்மா நுழைத்துப் போடுகிற ஷூ வாங்கியது, பேசிக்கொண்டே நடந்தவர் பேசாமல் நடப்பது, எல்லாம் வரிசையாக வந்து நின்றது. ஊரில் உள்ளவர்களின் நெஞ்சுக்குள்ளெல்லாம் எட்டிப் பார்க்கிறவள், கூடவே படுத்து எழுகிறவரைப் பார்க்காமல் இருந்திருக்கிறேனே என்று எனக்கு ஆறவேயில்லை, இன்னும்தான் ஆறவில்லை.

கண்ணாடியைக் கையில் கொடுத்துவிட்டு, "அந்தச் சேரை விட்டு எந்திரிங்க, எங்கூட ஒரு சுத்து வாங்க" என்றேன். பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று எழுந்து வந்தார். பாதி மைதானம் வரை ஏதோ கிண்டல் பேசினார், அப்புறம் பேச்சு நின்றது, முக்கால் சுற்றில் நின்றுவிட்டார். நானும் நின்றேன். மரத்தையும் கட்டடத்தையும் கேட்கவில்லை. மூச்சு ஒருவழியாகத் திரும்பியதும், "வயசாகுதுன்னு நெனச்சேன்" என்றார். "அம்பத்தெட்டெல்லாம் ஒரு வயசா?" என்றேன். "உங்கிட்ட சொன்னா நீ படுக்கப்போட்டுப் பாத்துடுவேல்ல, அதான் பயமா இருந்துச்சு" என்றார், விசிலைக் கழற்றி என் கையில் வைத்தார். அவருக்குப் பயம் என்ற சொல் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. அவர் மூச்சு வாங்கவில்லை என்று என்னிடம் சொன்னது பொய்யும் இல்லை கண்ணு, மூச்சு வாங்குகிற வேலையை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்திருக்கிறார், அவ்வளவுதான். மறுநாள் நானே கையைப் பிடித்து அரைவார்த்தை டாக்டரிடம் கூட்டிப்போனேன், அவர் நாற்காலிக் கதையைக் கேட்டுவிட்டு, "அதான். போதும். செய்வோம்" என்றார்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்றது அப்பா. நடுக்கடலில் இருக்கும் பெண் இதைக் கேட்டு என்ன செய்வாள், இறங்கி நீந்தியா வருவாள், எந்திர அறையில் கவனம் சிதறினால் என்ன ஆகும் என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆனால் நியாயமாகப் பட்டது என்பதற்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ளப் போவதில்லை, சொல்லாதது என் தப்பு. ஆபரேஷன் அன்று நான்கரை மணி நேரம். இதயத்தை நிறுத்தி வைத்து, அதன் வேலையை வெளியே ஒரு மெஷின் செய்துகொண்டிருக்கும் என்பது எனக்குப் பல வருஷமாகத் தெரிந்த பாடம். தெரிந்திருந்தது எதற்கும் உதவவில்லை. வராந்தாவில் சுவரில் இருந்த டைல்ஸை எண்ணினேன், முந்நூற்றுப் பன்னிரண்டு, இரண்டாம் தடவை முந்நூற்றுப் பதினான்கு. மூன்றாம் தடவை எண்ணும்போது அறுவை செய்த டாக்டரம்மா வெளியே வந்தார், ஒல்லியாக, பள்ளிப்பிள்ளை போல இருப்பார், முகக்கவசத்தைக் கீழே இறக்கி, "வால்வை மாத்தலம்மா, அவரோடதையே தச்சுச் சரிபண்ணியாச்சு. வால்வைப் புடிச்சிருக்கிற நாண் ஒண்ணு அறுந்திருந்துச்சு, புது நூல் போட்டு ஒரு வளையம் வச்சிருக்கேன். தண்ணி ஊத்திப் பாத்தேன், ஒரு சொட்டு ஒழுகல" என்றார். உன் வேலையில் பைப்புக்குச் சொல்வது போல இருந்தது, நீ இருந்திருந்தால் இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பாய் என்று அந்த நிமிஷம் நினைத்தேன், உனக்குச் சொல்லாமல் போனோமே என்று முதன்முதலாக வலித்ததும் அப்போதுதான்.

பிழைத்து வந்தவர் பண்ணிய அழும்பு தனிக் கதை. ஒரு வாரம் கழித்து எக்கோ எடுத்தோம், சதவீதம் ஐம்பத்து நான்கு. கட்டிலிலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அறுபத்து நாலு வாங்கிட்டிருந்தவன, நெஞ்சைப் பொளந்து அம்பத்து நாலுக்கு எறக்கிட்டீங்களே, இது என்ன நியாயம்?" என்று வார்டே கேட்கும்படி கத்தினார். அரைவார்த்தை டாக்டர் எட்டிப் பார்த்து, "அது காப்பியடிச்ச மார்க். இது சொந்த மார்க்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இருபத்தெட்டு வருஷம் வாத்தியாராக இருந்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஓட்டை அடைபட்டதும் பின்பக்கம் தள்ளுகிற சுலப வேலை போய், எல்லாவற்றையும் முன்பக்கமே தள்ள வேண்டியிருக்கிறது, முதலில் எண் இறங்கத்தான் செய்யும், தசைக்கு உயிர் இருந்தால் மெல்ல ஏறும் என்று எனக்கும் தெரியும், ஆனாலும் அந்த ஐந்து மாதம் ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். துறைத்தலைவர் வேறு ஆளை வைத்து எடுக்கிறேன் என்றார், அப்பாதான் விடவில்லை, "கண்டுபுடிச்சவளே பாக்கட்டும்" என்றார். நீ அழைத்தபோதெல்லாம் கேமரா கெட்டுவிட்டது என்றோமே, கெடவில்லை, அவர்தான் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தார். கையைத் தூக்க முடியாத நாளில் கீழ்வீட்டுத் தையல்கார அக்கா அவருடைய பனியனையெல்லாம் முன்பக்கம் வெட்டி பட்டன் வைத்துக் கொடுத்தார், இப்போது அதுதான் வசதி என்று கழற்ற மாட்டேன் என்கிறார். போன வாரம் ஐந்தாம் மாதப் படம். சதவீதம் அறுபது. ஸ்ட்ரெயின் பதினெட்டு புள்ளி இரண்டு. அதே மெஷின், அதே கை, கோடும் நழுவவில்லை, மூன்று முறை பார்த்தேன். வட்டம் முழுக்கச் சிவப்பு என்று சொல்லமாட்டேன், ஒரு ஓரம் இன்னும் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கிறது, அது அப்படியே இருந்தாலும் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மற்ற இடமெல்லாம் நல்ல நிறம். நேற்றுக் காலை ஏற்றமான தெருவில் எனக்கு முன்னால் நடந்துகொண்டு, நம் தெருக்காரர்கள் எல்லோரையும் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே போனார், எனக்குத்தான் மூச்சு வாங்கியது, அவரை நிறுத்தவில்லை, பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

இங்கே வேறு விசேஷம் ஒன்றுமில்லை. துணி துவைக்கிற மெஷின் மறுபடி தண்ணீர் விடுகிறது, நீ வந்து பார்க்கும்வரை யாரையும் தொடவிடக் கூடாது என்று அப்பா உத்தரவு. நீ எந்திர அறையில் காதை மூடுகிறதை மறக்காமல் போட்டுக்கொள், ஷிஃப்ட் மாறுகிற நாளில் சாப்பிடாமல் படுக்காதே, போன தடவை பார்த்தபோது கன்னம் ஒட்டியிருந்தது. கோபம் தீர்ந்ததும் அப்பாவை ஒரு முறை கூப்பிட்டு நாலு வார்த்தை நன்றாகத் திட்டிவிடு, தினமும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், திட்டு வாங்கினால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். எனக்கான திட்டை நேரில் வந்து கொடு, வாங்கிக்கொள்கிறேன். இனிமேல் இந்த வீட்டில் எது நடந்தாலும், நீ எந்தக் கடலில் இருந்தாலும், அன்றைக்கே உனக்குச் சேதி வரும், இது அம்மா கொடுக்கும் வாக்கு. நீயும் அதே மாதிரி இரு. நல்ல உடம்போடு, நல்ல மனுஷர்கள் சூழ, தொட்ட வேலை துலங்க, நீ நூறு கடல் பார்த்துத் திரும்பி வர வேண்டும், இதுதான் எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

ஒன்றை மட்டும் நினைவில் வை. அப்பாவுக்கு இருக்கும் இந்த வால்வுக் கோளாறு சில குடும்பங்களில் பிள்ளைகளுக்கும் வரும், பிள்ளைகளை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது என்று டாக்டர் சொன்னார். பயப்பட ஒன்றுமில்லை, உனக்கு இருக்காது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் நினைப்பதற்கும் பார்ப்பதற்கும் உள்ள தூரம் எனக்கு இந்த வருஷம் நன்றாகத் தெரிந்துவிட்டது. விடுமுறைக்கு வந்ததும் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் என் அறைக்கு வா, இடப்பக்கம் ஒருக்களித்துக் கால்மணி நேரம் படு, ஜெல் சில்லென்று இருக்கும், பொறுத்துக்கொள். இத்தனை வருஷத்தில் ஆயிரக்கணக்கானவர்களின் இதயத்தைப் பார்த்திருக்கிறேன், என் பெண்ணுடையதைப் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். நீ என் வயிற்றில் இருந்தாய். ஒரு பயறு அளவு, அதற்குள் அத்தனை அவசரமாக அடித்துக்கொண்டிருந்தது. இப்போது எவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். எதைப் பார்த்தாலும் அங்கேயே, அப்போதே, உன்னிடம் சொல்லிவிடுவேன்.

என்றும் உன் நினைவோடு,
உன் அம்மா